கொடியில் பேசிய சட்டைகள்

காதுகேளாதோர் பள்ளியின் துணிக்கொடியில் சட்டைகள் பேசத் தொடங்கியது, பிள்ளைகள் கையால் பேசக் கூடாது என்று உத்தரவு வந்த வாரத்தில். அதே வாரம் சோப்பு விலையும் ஏறியது. உதட்டைப் பார்த்து வாயால் பேசிப் பழகினால்தான் பிள்ளைகள் உருப்படுவார்கள் என்று மனதார நம்பிய தலைமையாசிரியர், முழுக்கைச் சட்டைகளின் கை நுனியை மூடித் தைக்கச் சொல்லிவிட்டார். தைத்தவள் பள்ளிச் சலவைக்காரி. அவள் மகளும் அங்கேதான் படித்தாள். வாலு என்று பெயரெடுத்தவள். ஆய்வாளர் வரும் நாளில் அவள் வாய்திறந்து “அம்மா” என்று சொல்லாவிட்டால் பள்ளியைவிட்டு நீக்கிவிடுவார்கள்.

மகளின் கைப்பேச்சு சலவைக்காரிக்குத் தெரியாது. “நீ கையை ஆட்டினா அவ வாயே திறக்க மாட்டா” என்று சேர்க்கும்போதே எச்சரித்திருந்தார்கள். அதற்குப் பயந்து, வீட்டில் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டே அவளை வளர்த்தாள்.

காற்றே இல்லாத மத்தியானங்களில் சட்டைகள் கையாட்டின. ஈரம் காயக் காயப் பேச்சு வேகமெடுத்தது.

“என்னக்கா, துணியெல்லாம் சண்டை போடுதா?” என்றான் சமையல்காரன்.

“உன் சமையலைப் பத்திப் பேசுதுப்பா.”

“நல்லபடியாவா?”

“காயட்டும், கேட்டுச் சொல்றேன்.”

பசி, குளிர், பயம் என்று ஒவ்வொன்றாக அவளுக்குப் பிடிபட்டது. மகளின் சட்டை மட்டும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தது: நெஞ்சைத் தொடும், கன்னத்தைத் தொடும், அவள் பக்கம் நீளும். அது தன்னைக் கூப்பிடுகிறது என்று புரிய ஒரு மழைக்காலம் பிடித்தது.

ஆய்வுக்கு முந்தைய நாள், கைப்பழக்கத்தில் தலைமையாசிரியரின் சட்டையையும் மூடித் தைத்துவிட்டாள். மறுநாள் வாசலில் கார் வந்து நின்ற அவசரத்தில் அதை மாட்டிக்கொண்டவருக்கு, ஆய்வாளர் முன்னால் ஒரு வார்த்தைகூட வரவில்லை. கையை ஆட்டாமல் அவருக்குப் பேச வராது என்பது அன்றுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வாலுவும் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. சலவைக்காரி கத்தரியோடு உள்ளே வந்து முதலில் மகளின் சட்டைக் கைகளைப் பிரித்தாள். மகள் நெஞ்சைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், கையை நீட்டினாள். பழக்கத்தில் மறுபடி பின்னால் போயிருந்த கைகளைத் தாய் முன்னால் எடுத்துப் பதில் சொன்னாள்.

“அம்மான்னு சொல்லிட்டா சார்” என்றாள் ஆய்வாளரிடம்.

“எனக்குக் கேக்கலையே.”

“கொஞ்சம் பாருங்க சார்.”

மகள் இன்னொரு முறை சொன்னாள். ஆய்வாளர் பார்த்தார். பிறகு, இன்னும் மூடிய கைகளோடு நின்ற தலைமையாசிரியரையும் பார்த்தார்.

அந்த மாதமே எல்லாச் சட்டைகளும் பிரிக்கப்பட்டன. வாலு அங்கேயே படித்து, அங்கேயே ஆசிரியையானாள். சட்டைகள் பேச்சை நிறுத்தவில்லை. மடிக்கப் போகிறவர்கள் பேச்சு முடியும்வரை கூடையோடு ஓரமாக நிற்பார்கள். தலைமையாசிரியரின் சட்டைக்குத்தான் எப்போதும் நேரமாகும்.