தலையணைக்கு இரண்டு பேர்

ஒரு தலையணையை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கியதை என் கண்ணால் பார்த்தேன். முன்னால் மேஸ்திரி, பின்னால் என் மாமா, நடுவில் தலையணை. அதற்குள் பஞ்சைத் தவிர வேறெதுவும் இருக்க வாய்ப்பில்லை. மேஸ்திரி ஒரு காலை இழுத்து இழுத்து இறங்க, மாமா "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பற்றிக்கொண்டு வந்தது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கிக் கொடுப்பது அவர் தொழில். ஒரு லாரி, அதை ஓட்ட ஒரு டிரைவர், மேஸ்திரி, நெட்டை என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் ஆள், அப்புறம் மாமா. இவ்வளவுதான் கம்பெனி. அக்கா வீட்டிலிருந்தபடியே போன் எடுத்து நாள் குறித்துக்கொடுப்பாள். கொஞ்ச காலமாக அந்தப் போன் வாயே திறப்பதில்லை. சீருடை போட்ட ஆட்களை வைத்துக்கொண்டு அரை நாளில் வேலையை முடித்துக்கொடுக்கும் கம்பெனிகள் வந்துவிட்டன. மாமாவின் ஆட்களோ காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும் படியேறிக்கொண்டிருப்பார்கள்.

"இப்படியே போனா லாரிய வித்துடுவாருடி. லாரி போச்சுன்னா அவர் என்ன ஆவாருன்னு எனக்குத் தெரியல. கொஞ்சம் வந்து என்னன்னு பாரு. ஆனா சண்டை போடாத" என்றாள் அக்கா.

சண்டை போடாதே என்று சொல்லிவிட்டு என்னைக் கூப்பிட அக்காவால்தான் முடியும். நான் ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற பிரிவுக்கு சூப்பர்வைசர். விருந்தாளி வெளியே போன கையோடு படுக்கை மாற்றி, குளியலறை கழுவி, அடுத்தவர் வரும்போது யாருமே அங்கே இருந்ததில்லை என்பதுபோல் ஆக்கிவைப்பது என் வேலை. வீட்டில் எனக்குக் கறார் என்று பெயர். சேர்ந்திருந்த விடுமுறையை எல்லாம் ஒன்றாக எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் நாள் வாயை மூடிக்கொண்டு பார்த்தேன். அதுவே எனக்குப் பெரிய தண்டனை. சட்டிபானை இருந்த பெட்டிக்குள் மேஜை விளக்கைத் திணித்தார்கள். கட்டிலைக் கழற்றினார்கள், திருகாணிகளை நெட்டை தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான், புது வீட்டில் அவன் பைகளையெல்லாம் கவிழ்த்து அவற்றைத் தேடினார்கள். சோபா வாசலில் சிக்கிக்கொண்டு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல் நின்றது. மாமா பாதி நேரம் வீட்டுக்காரர்களோடு தரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசினார். எல்லாவற்றுக்கும் மேலாக இந்த இரண்டு பேர் விவகாரம். பெட்டியா, இரண்டு பேர். நாற்காலியா, இரண்டு பேர். ஒரு சுவர்க் கடிகாரத்தைக்கூட நெட்டையும் டிரைவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் மாமாவைப் பிடித்துக்கொண்டேன்.

"தலையணைக்கு எதுக்கு மாமா ரெண்டு பேரு?"

மாமா அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மேஸ்திரிக்கு முட்டி போச்சும்மா. நொண்டுறான் பாத்தியா? தனியா தூக்கினா என்னிக்காவது விழுந்துடுவான். அவனுக்கு மட்டும் ஆள் போட்டா ரோஷப்படுவான். அதான் எல்லாருமே எல்லாத்தையும் ரெண்டு பேரா புடிக்கிறதுன்னு வழக்கமாக்கிட்டோம். மாசாமாசம் நான்தான் அவனுக்குத் தைலம் வாங்கிக் குடுக்கறேன்."

நல்ல மனசுதான், யார் இல்லையென்றது? ஆனால் நல்ல மனசு லாரியைக் காப்பாற்றாதே. மறுநாளே சட்டம் போட்டேன். முந்தின நாளே போய் வீட்டைப் பார்த்து, வாசலையும் சோபாவையும் அளந்துகொள்ள வேண்டும். அறைக்கு ஒரு நிறத்தில் பெட்டிமேல் நாடா ஒட்ட வேண்டும். திருகாணியை ஒரு பையில் போட்டு அந்தக் கட்டில் காலிலேயே கட்ட வேண்டும். மேஸ்திரி படியேறவே வேண்டாம், மேலேயே உட்கார்ந்து பெட்டி கட்டட்டும். மற்றவர்கள், ஒருவரால் முடிகிறதை ஒருவர்தான் தூக்க வேண்டும்.

கடைசிச் சட்டத்தைச் சொன்னதும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பொருளு உடையும்மா" என்றார் மேஸ்திரி. "இத்தனை நாளா உடைஞ்சதே இல்ல" என்றான் நெட்டை. டிரைவர் மாமாவைப் பார்த்தார். மாமா மட்டும், "அவ சொல்றதும் சரிதானேப்பா, செஞ்சு பாப்போம்" என்றார். சொல்லும்போது முகம் சரியில்லை. பழைய பழக்கத்தை விட மனசில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சட்டம் போட்டபின் நாங்கள் போன முதல் வீடு மூன்றாவது மாடியில் இருந்தது. வேலை வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. மதியத்துக்குள் பாதி லாரி நிறைந்துவிட்டது. நான் லாரிக்கும் படிக்கும் நடுவில் நின்று, எனக்கு நானே தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அப்போது மாமா, அலங்கார மேஜையிலிருந்து கழற்றிய கண்ணாடியைப் போர்வையில் சுற்றித் தனியாகக் கொண்டுவந்தார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவர் வருவது எனக்குக் கீழிருந்தே தெரிந்தது. கால் வழுக்கவில்லை, யாரும் இடிக்கவில்லை. அவருடைய வலது கை தானாகத் திறந்துகொண்டது. கண்ணாடி படிப்படியாக விழுந்து என் காலடிவரைக்கும் வந்து சேர்ந்தது.

சத்தம் அடங்குமுன் மேலிருந்து மேஸ்திரி ஓடிவந்தார். இரண்டிரண்டு படியாகத் தாவி ஓடிவந்தார். "என் தப்பு, நான்தான் சரியா கட்டல" என்றார். "இல்ல, நான் மேல இருந்து கூப்பிட்டதால திரும்பிட்டாரு, என் தப்பு" என்றான் நெட்டை. லாரியிலிருந்து குதித்து வந்த டிரைவர், என்ன நடந்தது என்றுகூடத் தெரியாமல், "என் மேலதான் தப்பு" என்றார். ஒரு கண்ணாடிக்கு மூன்று பேர் போட்டி போட்டார்கள். உடைத்தவர் மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டு படியில் நின்றார்.

வீட்டுக்காரரிடம் நான் போய்ப் பேசி, புதுக் கண்ணாடி போட்டுத் தருவதாகச் சொல்லி, சாமானை எல்லாம் இறக்கிவிட்டு, லாரி பக்கத்தில் எல்லோரும் நிற்கும்போது கேட்டேன்.

"மேஸ்திரி, உங்க முட்டி எப்போ சரியாச்சு?"

அவர் குனிந்துகொண்டார். மாமாவும் அவர் ஓடிவந்ததைப் பார்த்திருந்தார். "ஆமா, நீ ஓடி வந்தியே" என்றார் மெதுவாக.

"அண்ணே, நீங்க ஒருதடவ தையல் மெஷினத் தூக்கறப்ப கை விட்டுப்போச்சு. யாரும் பாக்கலன்னு நெனச்சீங்க, நான் பாத்தேன். உங்களுக்கு ஒரு ஆள் கூட வேணும்னு சொன்னா நீங்க ஒத்துக்க மாட்டீங்க. எனக்கு வேணும்னு சொன்னா உடனே குடுப்பீங்க. அதான் நொண்ட ஆரம்பிச்சேன்."

"ரெண்டு வருஷமாவா?"

"ஆமாண்ணே."

"அப்போ அந்தத் தைலமெல்லாம்?"

"என் மாமியார் தேச்சுக்கறாங்க. அவங்களுக்கு நல்லா கேக்குது."

நெட்டை வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினான். எனக்கே உதடு துடித்தது. மாமா சிரிக்கவில்லை. லாரியில் ஏறாமல் வீட்டுக்கு நடந்தே போய்விட்டார். அவரைத் தூக்கி நிறுத்த வந்தவள், நாலு பேர் நடுவில் அவர் மானத்தை எடுத்துவிட்டேன்.

நான் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அக்கா அவர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அவர் வலது கை அவள் கைக்குள் இருந்தது.

"அழுத்துங்க" என்றாள் அக்கா.

மாமா குனிந்து தன் கையைப் பார்த்தார்.

"என் கைய நல்லா அழுத்துங்கன்னு சொல்றேன்."

"அழுத்திட்டுதான் இருக்கேன்."

அக்கா அந்தக் கையை விடவில்லை. ஆனால் வாயைத் திறந்தாள் பாருங்கள். "மேஸ்திரிக்குத் தெரியும். நெட்டைக்குத் தெரியும். வண்டி ஓட்டறவருக்குத் தெரியும். கூடவே படுத்து எந்திரிக்கிறவளுக்குத் தெரியாது. நான் என்ன ஊராளா?" என்று கேட்டாள். நான் சமையலறைக்குள் போய், தேவையில்லாத பாத்திரங்களை எடுத்துக் கழுவிக்கொண்டிருந்தேன்.

டாக்டர், கழுத்தில் ஒரு நரம்பு நசுங்கியிருக்கிறது, இன்னும் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம், போன பலம் முழுசாகத் திரும்பாது என்றார். அதன்பிறகு மாமா வேலைக்கு வரவில்லை. மேஸ்திரி வீட்டுக்கு வந்து வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினார். லாரியை யார் வாங்குவார்கள் என்று மாமா விசாரிக்க ஆரம்பித்ததாக அக்கா என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என்னைத் திட்டவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலை மட்டும் ஓடியது. மேஸ்திரி நொண்டலை விட்டுவிட்டு இரண்டு ஆள் வேலை செய்தார். சில நாள் காலையில் ஒரு வீடு, மதியத்துக்குமேல் ஒரு வீடு என்று முடித்தோம். போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. என் சட்டங்கள் எல்லாம் சரியாக நடந்தன. சந்தோஷப்பட வேண்டிய நான் எரிந்து விழுந்துகொண்டே இருந்தேன்.

அப்புறம் அந்த நாற்காலி வந்தது. ஒரு வயதான அம்மா, பல வருஷமாக இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்குப் போகிறவர். எல்லாவற்றையும் ஏற்றியாகிவிட்டது. வெறும் அறையின் நடுவில் ஒரு நாற்காலி, அதில் அவர். எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். மகன் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்க்கிறார். நான் போய், "அம்மா, அந்த நாற்காலியும் ஏத்தணும்" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "என்னையும் ஒரு பெட்டில போட்டு நாடா ஒட்டிடேன்" என்றார். ஓட்டலில் நான் போகும்போது விருந்தாளி அறையைக் காலி செய்துவிட்டுப் போயிருப்பார். காலி செய்கிறவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை.

"இந்த மாதிரி நேரத்துல அண்ணன் பக்கத்துல உக்காந்துடுவாரு" என்றார் மேஸ்திரி, என் காதோரம். "இந்த வீட்ல மொதல்ல யாரும்மா வந்தது, நீங்களா உங்க வீட்டுக்காரரான்னு கேப்பாரு. அவங்க சொல்லுவாங்க. சொல்லிட்டு எந்திரிச்சிடுவாங்க. நாங்க யாரும் அப்படிக் கேட்டா வராது."

நான் கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மா, "உனக்கெதுக்கு?" என்றார். அவர் தானாக எழுந்திருக்கும்வரை எல்லோரும் சுவரோரம் நின்றோம், அடுத்த வீட்டு வேலை அன்று நடக்கவில்லை. அந்த வாரமே இன்னொருவர் பாதி ஏற்றிய சாமானை இறக்கச் சொல்லி அடம்பிடித்தார். வேறொரு வீட்டில் எதை எடுப்பது எதை விடுவது என்று கணவன் மனைவிக்குள் நடந்த சண்டை தீரக் காத்திருந்தோம். நாடா ஒட்டியும் வாசலை அளந்தும் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் இப்படியே கரைந்தது. முதல் நாள் நான் வெட்டிப்பேச்சு என்று நினைத்ததுதான் வேலையை ஓடவைத்திருக்கிறது.

அந்த வாரக் கடைசியில் ஒருநாள் விடிந்ததும் மாமாவிடம் போனேன். மேஸ்திரியும் வந்து வாசலில் நின்றார். நடந்ததைச் சொல்லி, வீட்டுக்காரர்களோடு இருக்க நீங்கள் வேண்டும் என்றேன்.

மாமா என்னைப் பார்க்காமலே சிரித்தார், நல்ல சிரிப்பு இல்லை. "இப்போ எல்லாரும் சேர்ந்து எனக்குன்னு புதுசா ஒரு நொண்டலக் கண்டுபுடிச்சிருக்கீங்களா?"

அக்கா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். சண்டை போடாதே என்று கண்ணாலேயே சொன்னாள். ஆனால் எனக்குக் கோபம் உச்சி மண்டைக்கு ஏறிவிட்டது.

"உங்களுக்காக நொண்ட நான் என்ன மேஸ்திரியா? பொண்ணு பாக்க வந்தப்பவே இவரு பேசினா நிறுத்த மாட்டாரு போலிருக்கேன்னு உங்க அம்மா முன்னாடியே சொன்னவ நான். இப்பவும் சொல்றேன், கேட்டுக்கோங்க. நீங்க இனிமே தூக்கறதுக்கு லாயக்கில்ல. ஒரு பல்பக்கூடத் தூக்காதீங்க, போட்டு உடைச்சிடுவீங்க. நீங்க பாவம்னு நான் வரல. நீங்க இல்லாம அந்த அம்மாவ நாற்காலிலேருந்து எழுப்ப எங்க நாலு பேருக்கும் துப்பில்ல. துப்பு இருந்தா நான் இங்க வந்து உங்ககிட்ட கெஞ்சிட்டு இருப்பேனா?"

அக்கா கையில் கரண்டி அப்படியே நின்றது.

மாமா இப்போது என்னைப் பார்த்தார்.

"இத்தனை வருஷத்துல நீ எனக்கு ஆறுதலா ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார்.

"எனக்கு அது வராது மாமா."

"தெரியும். அதான் நம்பறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க மேஸ்திரியைப் பார்த்து, என்ன நின்னுட்டு இருக்கீங்க, போய் வண்டிய எடுக்கச் சொல்லுங்க என்று கத்தினேன். அவர் போகவில்லை. மாமா உள்ளே போனார். திரும்பி வரும்போது வேலைச் சட்டையை மாட்டியிருந்தார், முன்பக்கம் திறந்தபடி தொங்கியது. எங்கள் இரண்டு பேரையும் தாண்டி நேராக அடுப்படிக்குப் போய் அக்கா முன்னால் நின்றார்.

"பொத்தான் போட வரல, போட்டுவிடு" என்றார், எங்களுக்கெல்லாம் கேட்கும்படி.

அக்கா கரண்டியை வைத்துவிட்டு, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.