ஐயாயிரம் கோடைகள்

எங்கள் ஊர் குடிப்பது கால்வாய்த் தண்ணீர். எங்கோ பஞ்சாபிலிருந்து பாலைவனத்தைக் கடந்து வரும் ஒற்றைக் கால்வாய் அது. கோடை தொடங்கும்போது, பழுது பார்ப்பதற்காக அதை ஒரு மாதம் மூடிவிடுவார்கள். அந்த மாதம் முழுக்க, ஊருக்கு வெளியே நாங்கள் நிரப்பி வைக்கும் பெரிய தேக்கம்தான் கதி. டிக்கி என்போம் அதை.

மூடும் மாதத்துக்கு எவ்வளவு தண்ணீர் தேவைப்படும் என்று முன்கூட்டிச் சொல்ல வேண்டியது நீர்வழங்கல் துறை. செயற்பொறியாளர் புக்ராஜ் வியாஸ் சாரிடம் அதற்கு ஒரு சுலபமான வழி இருந்தது. போன வருடக் கணக்கோடு நூற்றுக்கு ஐந்து கூட்டிவிடுவார். ஜோத்பூரிலிருந்து மாற்றலாகி வந்த உதவிப் பொறியாளர் இந்து சாரண், முதல் கூட்டத்திலேயே அதைக் கேட்டுச் சிரித்துவிட்டாள்.

"எதுக்கு மேடம் சிரிப்பு?" என்றார் வியாஸ்.

"இல்ல சார், போன வருஷம் மாதிரியேதான் அடிப்பேன்னு வெயில் உங்களுக்கு எழுதிக் குடுத்திருக்கான்னு யோசிச்சேன்."

பம்பு நிலையம் என் பொறுப்பு; ஜேட்டு என்று கூப்பிடுவார்கள் என்னை. அவளும் நானும் ஒரே வயது, அலுவலகத்தில் ஒரே அறை. அவள் செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கம்ப்யூட்டருக்குள் ஐயாயிரம் கோடைகளை ஓடவிட்டாள். ஒன்றில் வெயில் சீக்கிரம் ஏறும். ஒன்றில் மின்சாரம் போய்ப் பம்பு நிற்கும். ஒன்றில் கல்யாணங்கள் குவியும். ஒன்றில் கால்வாயைத் திறக்கத் தாமதமாகும். எத்தனை கோடைகளில் டிக்கி வறண்டு போகிறது என்று கடைசியில் எண்ணிப் பார்த்தாள்.

"பத்துல ஒன்னு காஞ்சு போகுது சார்."

"அப்ப பத்துல ஒம்பது பாஸ். என் பையன் ரிசல்ட்ட விட நல்லா இருக்கே!"

"அந்தப் பத்தாவது வந்துட்டா, ஊரு சனங்கள நிக்க வெச்சு, ஒம்பது தடவ பாஸ் ஆனோம்னா சொல்லுவீங்க?"

வியாஸ் முணுமுணுத்தபடி கையெழுத்துப் போட்டார். கால்வாய் மூடிய அன்றிலிருந்தே ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் என்று உத்தரவாயிற்று. ஊர் எங்களைத் திட்டியது. இந்து நன்றாகத் தூங்கினாள்.

முதல் வாரம் டிக்கியின் மட்டம், அவள் கணித்துத் திரையில் வரைந்த கோட்டை ஒட்டியே இறங்கியது. பிறகு ஒரு பிற்பகல் வானம் செங்கல் நிறமாகி ஆந்தி அடித்தது. எதிரில் நிற்பவன் தெரியாத புழுதிக்காற்று. அடுத்த இரண்டு நாட்களில் மட்டம் சரசரவென்று சரிந்து, அவள் ஆக மோசம் என்று வரைந்திருந்த கோட்டுக்கும் கீழே போயிற்று.

வியாஸ் திரையில் விரலை வைத்தார். "உங்க ஐயாயிரத்துல இது எந்தக் கோடை மேடம்?"

அறையே அவளைப் பார்த்தது. "எதுவும் இல்ல சார். எதையோ விட்டிருக்கேன்," என்றாள் இந்து. குரல் இறங்கவில்லை. "ஜேட்டு, வண்டிய எடு. போய்ப் பாப்போம்."

தெருத்தெருவாகப் போனோம். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் தரையையும் போர்வைகளையும் தானியப் பானைகளையும் கழுவிக்கொண்டிருந்தார்கள். ஊர் எல்லையில் நாங்கள் டேங்கர்களுக்காக வைத்திருக்கும் குழாயடியில் லாரிகள் வரிசையாக நின்றன. எல்லாம் தெற்கே இருக்கும் சோலார் பூங்காவுக்குப் போகிறவை.

"இவ்வளவு தண்ணி அங்க எதுக்குங்க?" என்று முதல் லாரிக்காரரிடம் கேட்டாள்.

"ஆந்தி அடிச்சா பலகையெல்லாம் மண்ணு, அக்கா. கழுவலேன்னா கரண்ட் வராது. கரண்ட் வரலேன்னா உங்க பம்பு ஓடாது. பாத்தா நாங்க உங்களுக்குத்தான் சேவை பண்றோம்!"

அவர் சிரித்தார். இந்து சிரிக்கவில்லை. வண்டியின் பானெட்டில் சாய்ந்து நின்றவள், சட்டென்று அதை ஓங்கித் தட்டினாள்.

"புழுதிக்குத் தனியா, கரண்டுக்குத் தனியா, செலவுக்குத் தனியா சீட்டுக் குலுக்கிட்டேன்டா ஜேட்டு. ஒன்னு வந்தா இன்னொன்னு வராம இருக்கலாம்னு கணக்கு. ஆனா மூணும் ஒரே வண்டியிலதான் ஏறி வருது!"

அன்றே கணக்கை மாற்றி ஓட்டினாள். இப்போது பத்துக் கோடைகளில் நான்கு வறண்டன. அதைத் தவிர்க்க மூன்று நாளைக்கு ஒரு முறைதான் தண்ணீர் விட வேண்டும். டேங்கர் குழாயை மூட வேண்டும். கால்வாய் திறக்கும்வரை சோலார்காரர்கள் பலகைகளைத் தண்ணீரில்லாமல் தூரிகையால் துடைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அடுத்த வாரம் ஆக்கா தீஜ். ஊரில் தெருவுக்கு நாலு கல்யாணம் நடக்கிற நாள்.

நகராட்சிக் கூட்டத்தில் தலைவி ஷோபா சோதா மேசையைத் தட்டினார். "ஆக்கா தீஜ்ல குழாய மூடுறதா? என் தங்கச்சி மகளுக்கே கல்யாணம். பந்தியில உக்காந்தவங்களுக்குக் கை கழுவ மணல் குடுக்கட்டுமா? போன தடவையே தப்பாச் சொன்னவங்கதானே நீங்க?"

"ஆமா ஷோபாஜி, தப்பாத்தான் சொன்னேன். எங்க தப்புன்னு பாத்துத் திருத்திட்டுத்தான் வந்திருக்கேன். தீஜ் அன்னிக்கு முழுசா விடுறேன். முன்னாடியும் பின்னாடியும்தான் இறுக்கம். ஊர்ல நடக்குற கல்யாணமெல்லாம் என் கணக்குல இருக்கு, உங்க தங்கச்சி மகளோடதும் சேத்து."

சிலர் சிரித்தார்கள். ஷோபாஜி வியாஸ் பக்கம் திரும்பினார். அவர் இவளைக் கைவிட்டுவிடுவார் என்றுதான் நானும் நினைத்தேன்.

வியாஸ் தொண்டையைச் செருமினார். "டிக்கி காஞ்ச வருஷம் ஊரே திரண்டு வந்து என் ஆபீஸ் வாசல்ல பானைய உடைச்சுது. நீங்களும் ஒன்னு உடைச்சீங்க ஷோபாஜி, ஞாபகம் இருக்கா? அதுக்கு இப்பவே ரெண்டு திட்டு வாங்கிக்கறது தேவல. நான் கையெழுத்துப் போடுறேன்."

அந்த மாதம் இன்னும் மூன்று முறை ஆந்தி அடித்தது. ஒவ்வொரு முறையும் இந்து புதிய மட்டத்திலிருந்து கணக்கை மறுபடி ஓட்டினாள். மட்டம் கோட்டுக்குக் கீழே போகவில்லை. சோலார்காரர்கள் முதலில் முறுக்கிக்கொண்டு, பிறகு தூரிகை வாங்கினார்கள். தீஜ் அன்று சொன்னபடி குழாய்கள் நாள் முழுக்க ஓடின. ஷோபாஜி வீட்டுப் பந்தியில் நாங்களும் உட்கார்ந்து, பருப்பில் சுட்ட கோதுமை உருண்டைகளை உதிர்த்துப் போட்ட தால் பாட்டி சாப்பிட்டோம்.

மேலே எங்கோ கரை உடைந்து, கால்வாய்த் தண்ணீர் ஒரு வாரம் தாமதமாகத்தான் வந்தது. செம்மண் நுரையோடு அது டிக்கிக்குள் பாய்ந்ததைப் பார்க்கப் பாதி ஊர் கரையேறி நின்றது. உள்ளே இடுப்பளவுத் தண்ணீர் மிச்சமிருந்தது.

"பாத்தீங்களா, மிச்சமே இருக்கு!" என்றார் ஷோபாஜி. "எங்கள வீணா வாட்டி எடுத்தீங்க."

"ஆமாங்க," என்றாள் இந்து. "வாட்டினதாலதான் மிச்சம்."

ஷோபாஜி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "வாய் மட்டும் குறையவே இல்ல. சரி, நாளைக்காவது முழுசா விடுவீங்களா?"

"இன்னிக்கே. ஜேட்டு, வால்வத் திற."

நான் கரையிலிருந்து இறங்கிப் பம்பு நிலையத்துக்கு ஓடினேன்.