எழுபத்தொன்பதில் நிற்கிறவர்

ஜாஸ்பருக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். பழைய போட்டோவில் ஒரு வண்டியின் மூக்கையோ மட்கார்டையோ காட்டினால் போதும், அது எந்தக் கம்பெனி, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். நெய்வேலிச் சுரங்கத்தின் வண்டி ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு வருஷம் மெக்கானிக். ரிட்டையர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு பக்கத்து ஊரான வடக்குத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு வந்தார். பொழுது போகாமல் அவர் ஆரம்பித்த வாட்ஸ்அப் குரூப்புக்குப் பெயர் ‘பழைய டயர்’. இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அட்மின் அவர்தான். வீட்டுக்குள் இல்லாத மரியாதை முழுவதும் அந்தக் குரூப்பில் கிடைத்தது.

“நம்ம வீட்டு கேஸ் சிலிண்டர் எப்ப தீரும்னு சொல்லத் தெரியாது. அறுபத்திரண்டுல ஓடுன லாரிக்கு ஆக்ஸில் பத்தி ஒரு மணி நேரம் பேசுவாரு” என்பாள் மனைவி மெர்லின். அவள் தையல்காரி. ரவிக்கை தைப்பதில் டவுன்ஷிப்பின் குடியிருப்பு வட்டங்களில் பாதிக்கு அவளைத் தெரியும். ஜாஸ்பரை ‘மெர்லின் அக்கா வீட்டுக்காரர்’ என்றால்தான் தெரியும்.

போட்டோ வந்ததும் ஜாஸ்பர் செய்கிற முதல் வேலை, அதிலிருக்கும் மனிதர்களை வெட்டி எறிவது. மனிதர்கள் வண்டியை மறைக்கிறார்கள் என்பது அவருடைய நெடுநாள் வருத்தம். மாப்பிள்ளை, பெண், கட்சிக்காரர்கள், மாலை போட்ட பிரமுகர்கள் எல்லாரும் அவர் கட்டைவிரலுக்கு அடியில் காணாமல் போவார்கள். தன் சொந்தக் கல்யாண போட்டோவிலேயே மெர்லினை வெட்டிவிட்டு, பின்னால் கோயில் வாசலில் நின்ற ஃபியட் காரை மட்டும் குரூப்பில் போட்டவர். அன்றைக்கு அறுபத்தெட்டு லைக். ராத்திரிச் சாப்பாடு மட்டும் கிடைக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை குரூப்பில் ஒரு போட்டோ வந்தது. டவுன்ஷிப் தோட்டப் பிரிவின் சூப்பர்வைசர் ஒருவர், தன்னிடம் காண்ட்ராக்டில் வேலை செய்யும் ஓர் அம்மாவுக்காகப் போட்டிருந்தார். கறுப்பு வெள்ளை. மூக்கு நீண்ட டாட்டா லாரி, நெற்றிப் பலகையில் ‘அன்புக்கரசி’ என்று பெயர். பக்கத்தில் ஓர் ஆள். கேள்வி ஒரே வரி: ‘இது எந்த வருஷத்துப் படம்?’

ஜாஸ்பர் ஆளை வெட்டினார். லாரி எழுபதுகளில் எந்த வருஷமாகவும் இருக்கலாம். அதில் சுவாரஸ்யம் இல்லை. ஆனால் படத்தின் ஓரத்தில், லாரியின் பின் சக்கரத்துக்கு அப்பால், ஒரு வெள்ளை அம்பாசடரின் அரை முகம் தெரிந்தது. கிரில்லுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுர விளக்கு. ஜாஸ்பர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

‘அம்பாசடர் மார்க் ஃபோர்! வட்ட விளக்கு என்றால் மார்க் த்ரீ. சதுர விளக்கு வந்தது எழுபத்தொன்பதில். அதற்கு முன்னால் எடுத்திருக்க சான்ஸே இல்லை. பந்தயம் கட்டுகிறேன்!’ என்று போட்டார். படம் வந்து நான்கு நிமிஷம்தான் ஆகியிருந்தது. கைதட்டல் பொம்மைகள் மழையாகக் கொட்டின. அந்த மழையிலேயே தூங்கப் போனார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு வாசலில் ஓர் அம்மா வந்து நின்றார். ஐம்பதை நெருங்கும் வயது, தோட்டப் பிரிவின் பச்சைக் கோட்டு, கையில் மஞ்சள் பை.

“போட்டோ பாத்து வருசம் சொன்ன சார் வூடு இதுங்களா?”

விசிறி ஒருவர் வீடு தேடி வந்துவிட்டார் என்று ஜாஸ்பருக்கு உள்ளம் குளிர்ந்தது. உட்கார வைத்து, மோர் கொண்டுவரச் சொல்லி, மார்க் ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அந்த அம்மா மோரைத் தொடாமல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அப்ப எழுபத்தொம்போதுக்கு முன்னாடி இருக்கவே முடியாதுங்களா?”

“முடியாதும்மா. அந்த விளக்கே அப்ப பொறக்கலை.”

“எழுபத்தேழு புயல்ல செத்தவரு எழுபத்தொம்போதுல எப்படி சார் லாரி பக்கத்துல நின்னுகினு இருப்பாரு?”

ஜாஸ்பரின் வாயில் மார்க் ஃபோர் அப்படியே நின்றுவிட்டது.

அந்த அம்மாவின் பெயர்தான் அன்புக்கரசி. ஊர் முத்தாண்டிக்குப்பம். அப்பா வேணு லாரி டிரைவர். எழுபத்தேழு கார்த்திகையில் ஆந்திராவுக்கு முந்திரி லோடு எடுத்துக்கொண்டு போனார். புயல் அடித்தது. அவர் ஓட்டிப்போன முதலாளியின் லாரி தண்ணீர் வடிந்தபின் கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. அன்புக்கரசிக்கு அப்போது இரண்டு வயது. அம்மா மாணிக்கம்மாள் அதற்குப் பிறகு பூவும் பொட்டும் இல்லாமல், முந்திரி உடைத்தே பெண்ணை வளர்த்தார். இந்த மாதம் இரண்டாம் தேதி அந்த அம்மாவும் போய்விட்டார். பெட்டியைத் திறந்தபோது அடியில் பாலிதீன் உறை போட்டு இந்த போட்டோ இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்த மகளுக்கு ஒரு தரம்கூடக் காட்டாத போட்டோ.

“ஞாயித்துக்கெழம காரியம். ‘எம்படத்துக்குப் பக்கத்துல அவுரு படத்த வச்சுப் படைங்க’ன்னு எங்கம்மா உயிரோட இருக்க சொல்லவே சொல்லிகினு இருந்துச்சு” என்றார் அன்புக்கரசி. “ஆனா பாருங்க, லாரில எம்பேரு எழுதியிருக்கு. சொந்த லாரி வாங்கி, பெத்த பொண்ணு பேர எழுதிட்டு, வூட்டுக்கு மட்டும் வரல. எங்கம்மாக்கு அது தெரிஞ்சிருக்கு. அசிங்கத்த மூடி வச்சுகினு இருந்திருக்கு. அந்த ஆள எங்கம்மா பக்கத்துல எப்படி வைப்பேன்?”

ஜாஸ்பருக்கு ஏதாவது சொல்லி அந்த முகத்தை மாற்ற வேண்டும் போலிருந்தது. “அம்பாசடருக்கு அப்புறமா மூஞ்சியை மாத்துவாங்கம்மா. பழைய வண்டில புது கிரில்லு...” என்று ஆரம்பித்தார். பாதியிலேயே நிறுத்தினார். புது மூஞ்சி வந்ததே எழுபத்தொன்பதில்தான். பழைய வண்டியில் பொருத்தினாலும் அதற்குப் பிறகுதான் பொருத்தியிருக்க முடியும். பொய் சொல்வதற்குக்கூட அவருக்குக் கணக்கு வரவில்லை.

“நல்லா பாருங்க சார். நாளைக்குள்ள சொல்லுங்க. நீங்க சொல்றதுதான் எனக்குக் கடைசி.” மஞ்சள் பையிலிருந்து அசல் போட்டோவை எடுத்து மேசையில் வைத்துவிட்டு, பதினொன்றரைக்குள் வரச் சொன்ன சூப்பர்வைசர் திட்டுவார் என்று ஓடினார்.

லென்ஸை வைத்துப் பார்த்தார் ஜாஸ்பர். சதுர விளக்கு சதுரமாகவே இருந்தது. அது வட்டமாக இருக்கக் கூடாதா என்று வாழ்க்கையில் முதல் முறையாக வேண்டிக்கொண்டார். லென்ஸ் தற்செயலாக இடப்பக்கம் நகர்ந்தது. அந்த ஆள் கண்ணாடிக்குள் பெரிதாக எழுந்து வந்தார். சின்ன வயசு. சீவிய தலை. சிரிக்கப் போகிற வாய். அவர் பார்வை காமிராவில் இல்லை. ஜாஸ்பரின் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துக்கொண்டிருந்தது. ஜாஸ்பர் திரும்பிப் பார்த்தார். சுவரும் காலண்டரும்தான்.

போட்டோவின் மேல் தினத்தாளை வைத்து மூடினார். மத்தியானச் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார். வெயில் வாசலில் வெள்ளையாக நின்றது. இரண்டு மணி சங்கு ஊதி, ஷிஃப்ட் முடிந்தவர்கள் சைக்கிளிலும் வண்டியிலும் போனார்கள். அதில் ஒருவர் சீவிய தலையோடு மெதுவாகத் திரும்பி இவரைப் பார்த்த மாதிரி இருந்தது. உற்றுப் பார்த்தால் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன். “என்ன சார், பேயைப் பார்த்த மாதிரி முழிக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனான். ஜாஸ்பர் சிரித்தார். மேசைக்குத் திரும்பினார். தினத்தாள் ஃபேன் காற்றில் தானாகவே நகர்ந்து கிடந்தது. ஒரு கண் மட்டும் வெளியே தெரிந்தது.

அவரை இதுவரை எந்த வண்டியும் பயமுறுத்தியதில்லை. வெட்டி எறிந்த ஆட்கள்தான் இப்போது பயமுறுத்தினார்கள். எத்தனை நூறு பேர். எல்லாரும் எங்கேயோ ஒன்றாக நிற்கிறார்களோ?

“மெர்லின், இங்க வா. எனக்குத் தனியா பார்க்கப் பயமா இருக்கு.”

“நாப்பது வருஷம் என் மூஞ்சியையே பார்த்துட்டு பயப்படாத மனுஷனா?” என்று கேட்டுக்கொண்டே டேப்பைக் கழுத்தில் போட்டபடி வந்தாள் மெர்லின். லாரியை அவள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஆளைத்தான் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை, அளவெடுப்பது போல.

“டிரைவர் ஏன் பட்டுக்கரை வேட்டி கட்டிட்டு, செருப்பில்லாம நிக்கிறாரு?”

ஜாஸ்பர் குனிந்தார். ஆமாம்.

“இடது கை எங்க போச்சு? சட்டையில முழங்கைக்குக் கீழ ஒண்ணுமே இல்லை. வெட்டுத்துணி மாதிரி நேராப் போயிருக்கு.” அவள் லென்ஸைப் பிடுங்கிக்கொண்டாள். “லாரிக்கு நிழல் விழுதுல்ல, கீழ? இவருக்கு எங்கங்க நிழல்?”

ஜாஸ்பர் லென்ஸைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். லாரியின் சக்கரங்கள், பம்பர், கதவு, எல்லாம் தரையில் கருப்பாகச் சாய்ந்து கிடந்தன. அந்த ஆளின் வெறுங்காலடியில் வெயில் மட்டும் இருந்தது. நிழல் இல்லாமல் சிரிக்கப் போகிற வாயோடு நின்றார்.

“ஏசுவே” என்றார் ஜாஸ்பர்.

“அவரைக் கூப்பிடாதீங்க, இது ஸ்டூடியோக்காரன் வேலை” என்றாள் மெர்லின். ஆனால் அவள் குரலும் இறங்கியிருந்தது. “வேற படத்துலேர்ந்து ஆளை வெட்டி ஒட்டி, மறுபடி போட்டோ எடுத்திருக்கான். பிரஷ் வேலை. லாரி நெத்தில எழுதின பேரும் அவன் கைதான், எழுத்து மட்டும் எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாருங்க. அந்தக் காலத்துல செத்தவங்களை இப்படிச் சேர்த்துத் தருவாங்க. எங்க பெரியப்பாவைக்கூட ஒரு பேரன் ஞானஸ்நான படத்துல நிக்க வச்சாங்க.” பிறகு அந்த ஆளின் இடது தோளில் விரலை வைத்தாள். “இதை மட்டும் வெட்ட முடியலை, பாவம்.”

தோளில் நாலு வெள்ளைப் புள்ளிகள். ஜாஸ்பர் முதலில் பிரிண்ட்டில் விழுந்த தூசி என்று நினைத்தார். மல்லிகை மொட்டுகள்.

ஜாஸ்பருக்குக் கோபம் வந்தது, தன் மேல்தான். லாரியில் இல்லாத எழுத்தை, ஒட்டிய ஆளை, வராத நிழலை, எதையும் பார்க்காமல் நாலு நிமிஷத்தில் தீர்ப்பு எழுதிய கட்டைவிரல் இதுதானே. இவ்வளவு பெரிய ஆள் நடுவில் நிற்க, ஓரத்து அம்பாசடரின் ஒற்றை விளக்கைப் பார்த்துத் துள்ளியிருக்கிறார். செத்துப்போனவர் உயிரோடு ஓடிப்போனதாகச் சொல்லி, மறுபடியும் ஒரு முறை சாகடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை காலை இருவரும் ஸ்கூட்டரில் முத்தாண்டிக்குப்பம் போனார்கள். முந்திரித் தோப்பை ஒட்டிய இரண்டு அறை வீடு. நுழைந்ததும் ஜாஸ்பர் பார்த்தது சுவரில் ஓர் ஆணியை. கீழே, சுவரைப் பார்த்தபடி ஒரு ஃபிரேம் திருப்பி வைக்கப்பட்டிருந்தது.

“அது எங்கப்பா அம்மா கண்ணாலப் படம் சார்” என்றார் அன்புக்கரசி. “பாக்கப் புடிக்கல. அதான் திருப்பி வச்சுட்டேன்.”

“திருப்பும்மா. தயவு செஞ்சு.”

அவர் திருப்பினார். பட்டுக்கரை வேட்டியில், வெறுங்காலோடு, சீவிய தலையோடு அதே ஆள். சிரிக்கப் போகிற அதே வாய். பார்வை காமிராவில் இல்லை, காமிராவுக்குப் பக்கத்தில் நின்ற யாரிடமோ. இடது கை முழங்கைக்குக் கீழே மணப்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் போயிருந்தது. பதினேழு வயசு மாணிக்கம்மாளின் தலைப்பூ அவர் தோளில் வழிந்து கிடந்தது.

மெர்லின் லாரிப் படத்தைப் பக்கத்தில் வைத்தாள். அன்புக்கரசியின் விரல் ஒரு படத்தின் தோளிலிருந்து இன்னொரு படத்தின் தோளுக்குப் போனது. வந்தது. மறுபடியும் போனது.

“எங்கம்மா பூவு” என்றார்.

ஜாஸ்பர் லாரிப் படத்தைக் காட்டினார். “அவர் எழுபத்தேழுலதாம்மா போனாரு. கல்யாணப் படத்துலேர்ந்து வெட்டி, ஸ்டூடியோவுலதான் லாரி பக்கத்துல ஒட்டியிருக்காங்க. நான்தான்... வண்டியை மட்டும் பார்த்தேன். ஆளைப் பார்க்கலை. என்னை மன்னிச்சுக்கம்மா.”

அன்புக்கரசிக்கு அது காதில் விழுந்ததா தெரியவில்லை. “சொந்த லாரி வாங்கி எம்பேர எழுதணும்னு அவுருக்கு ஆசன்னு எங்கம்மா ஒரு தபா சொல்லிச்சு. அவுரு போயி ரெண்டு வருசம் கழிச்சு, யார்கிட்டயும் சொல்லாம, நெய்வேலிக்குத் தனியா பஸ் ஏறிப் போயி, எவன் லாரியவோ காட்டி, ‘இதுல என் வூட்டுக்காரர நிக்க வையி’ன்னு கேட்டிருக்கு சார். எப்படிக் கேட்டிருக்கும்? எங்கம்மா கடையில போயி உப்பு கேக்கவே கூச்சப்படும்.”

அதற்குப் பதில் சொல்லக்கூடியவர் பதினைந்து நாளாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காரியம். வாசலில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய அண்டாவில் சாம்பார். ஜாஸ்பரும் மெர்லினும் சீக்கிரமே போய்விட்டார்கள். படையலுக்கு முன்னால் இரண்டு ஃபிரேம்கள். ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கிய எழுபது வயசு மாணிக்கம்மாள், யாரையோ திட்டப் போகிற முகத்தோடு. பக்கத்தில், லாரியோடு, இருபத்தேழு வயசு வேணு. தலைவாழை இலை இரண்டு போட்டிருந்தார்கள்.

ஜாஸ்பர் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஏதோ உறுத்தியது. அன்புக்கரசியைக் கூப்பிட்டார்.

“தங்கச்சி, அம்மா படத்தை அந்தப் பக்கம் மாத்தி வையேன். அவர் கை அந்தப் பக்கம்தான் போகுது.”

அன்புக்கரசி ஃபிரேமைத் தூக்கி மறுபக்கம் வைத்தார். வெட்டுப்பட்ட சட்டைக்கையை ஒட்டி மாணிக்கம்மாளின் ஃபிரேம் உட்கார்ந்தது. நிழல் இல்லாத ஆளின் வாய் இன்னும் சிரிக்கவில்லை. ஆனால் ஜாஸ்பர் இந்த முறை பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

வெற்றிலை குதப்பியபடி வந்த உறவுக்காரக் கிழவி ஒருத்தி, கண்ணைச் சுருக்கி இரண்டு படத்தையும் பார்த்தாள்.

“யாருடி இந்தப் புள்ள, மாணிக்கம் பக்கத்துல? உம்மவனா?”

“இல்ல ஆயா” என்றார் அன்புக்கரசி, இரண்டாவது இலையில் சோற்றைப் போட்டுக்கொண்டே. “அது எங்கப்பன்.”