தடுப்பின் நல்ல பக்கம்

ஹாலில் ஒரு மூலையை மறைத்துத் தடுப்பு வேண்டுமென்று அவள் கேட்க ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. மருத்துவர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. தினம் எட்டு மணி நேரம், சாப்பாட்டு மேஜையின் ஓரத்தில். யாருக்குப் பசித்தாலும் கணினியை மூடி, வயரைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிட வேண்டும். ஒருமுறை இடது சிறுநீரகத்தை வலது என்று அடித்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து யாரோ தோளைத் தட்டி உப்பு எங்கே என்று கேட்டிருந்தார்கள்.

கடைசியில் கணவன் மனமிரங்கினான். அப்படித்தான் நாத்தனார் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

சனிக்கிழமை தச்சர் தடுப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஹால் பக்கம் தேன் நிறத்தில் வழவழப்பு, நடுவே மெல்லிய பித்தளைக் கோடு. நாத்தனார் சோபாவிலிருந்து எழுந்துபோய்த் தடவிப் பார்த்தாள். இவள் தடுப்புக்கு உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். எதிரே வெறும் பிளைவுட். வழிந்து காய்ந்த பசை, பென்சில் கணக்கு, துருத்திய திருகுகள், தலைகீழாக ஆலை முத்திரை.

இன்னும் வேலை பாக்கியிருக்கிறதா என்று தச்சரிடம் கேட்டாள். அவர் கணவனைப் பார்த்தார்.

"ஒரு பக்கம் போதும்னு நான்தான் சொன்னேன். உள்ள யாரு வந்து பாக்கப்போறா?"

"நான் பாப்பேன்."

அவன் சிரித்தான். அவள் பார்ப்பது கணினியைத்தானே என்றான். நாத்தனார், வாய்விட்டுக் கேட்டால் தம்பி ஒரு காலண்டர் மாட்டித் தரமாட்டானா என்று சமாதானம் சொன்னாள்.

பணம் இல்லை என்று அவன் சொல்லியிருந்தால் இவளுக்கு வலித்திருக்காது. இவனுக்குக் கஞ்சத்தனமும் கிடையாது. தடுப்பைப் பற்றி யோசித்தபோது வந்துபோகிறவர்களின் கண்கள் அத்தனையும் அவன் நினைவில் இருந்திருக்கின்றன. இவளுடையதைத் தவிர. மறந்துகூடப் போகவில்லை, கணக்கிலேயே இல்லை. இதற்கு நன்றி வேறு சொல்லியிருந்தாள், இரண்டு முறை. அதுதான் அதிகமாகக் கொதித்தது.

தச்சர் துளையிடும் கருவியை எடுத்தார். தரையில் ஓட்டை போட்டபின் மாற்ற முடியாது, இப்படியே இருக்கலாமா என்று கணவனிடம் கேட்டார்.

"திருப்பி வைங்க," என்றாள் அவள்.

தச்சர் மறுபடி கணவனைப் பார்த்தார்.

"அவரப் பாக்காதீங்கண்ணே. உள்ள உக்காரப்போறது நான்."

"உனக்கென்ன பைத்தியமா? வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

"மாசத்துல ரெண்டு நாள் வர்றவங்க ஒரு மணி நேரம் பொறுத்துக்கட்டும். பொறுக்கலன்னா அந்தப் பக்கத்தையும் முடிச்சுக் குடுக்கச் சொல்லுங்க. உங்களுக்கு எப்பத் தோணுதோ அப்ப."

ஒரு முனையை அவளே பிடித்துத் தூக்கினாள். தச்சர் சற்று நின்றார். பிறகு மறுமுனையைத் தூக்கினார்; தேன் நிறப் பக்கம் உள்பக்கமாகத் திரும்பியது. நாத்தனார் காலை மடக்கிக்கொண்டு வழிவிட்டாள். முடியாது என்று கணவன் சொல்லியிருக்கலாம். தச்சர் முன்னால் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

கருவி உறுமியது. வெள்ளைத் தூள் பறந்தது. சோபாவிலிருந்து நாத்தனார் ஏதோ சொன்னாள். சத்தத்தில் கேட்கவில்லை. என்னவென்று அவள் கேட்கவுமில்லை.