குளிப்பாட்டாத பிள்ளை

சுபத்ரா சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழாயடியில் கை கழுவிய அம்மாக்கண்ணுவைக் கூப்பிட்டாள். மேளச்சத்தத்தில் கேட்கவில்லை. கத்தினாள்.

"அக்கா! புள்ள பச்சையா கக்குதுக்கா. வயிறு கல்லாட்டம் இருக்கு, வந்து பாருங்களேன்!"

ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான அந்த லயத்துப் பச்சைப்பிள்ளைகளையெல்லாம் முதலில் குளிப்பாட்டுவது அம்மாக்கண்ணுதான். காலை நீட்டிப் போட்டு, மடிப்பு மடிப்பாகத் துடைத்தெடுப்பாள். ஆனால் சுபத்ரா பிரசவம் முடிந்து மகளோடு நேற்று வந்து இறங்கிய கொஞ்ச நேரத்தில் மாமனார் பழனியப்பன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், எழுந்திருக்கவில்லை. அவரைக் குளிப்பாட்டியதும் அம்மாக்கண்ணுதான்; பிணத்தைக் குளிப்பாட்டிய கை பிள்ளையைத் தொடுமா? மலைக்குளிர் வேறு. சுற்றி வைத்த பிள்ளையை அவிழ்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. துணியில் கறுப்பாகக் கறை பட்டதால் பிரசவமான கிளினிக்கிலும் மலம் போய்விட்டது, சரி என்று அனுப்பிவிட்டார்கள். தலைச்சன் பிள்ளை, சுபத்ராவுக்கு மட்டும் என்ன தெரியும்?

அம்மாக்கண்ணு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள். "நான் தொடக்கூடாது தாயி."

"தொட வேணாங்க்கா. பாருங்க, போதும்."

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தாள். "காலத் தூக்கு. இன்னும் தூக்கு. பின்னால நல்லா தொடைச்சுக் காட்டு."

சுபத்ரா துடைத்தாள். துவாரம் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தோல் மூடிக் கிடந்தது. முன்பக்கத்தில், ஊசி போகிற அளவு ஒரு துளையிலிருந்து கறுப்பு கசிந்தது.

"அடப்பாவமே! வெளிக்குப் போற வழியே இல்லடி இதுக்கு. தூக்கிட்டு ஓடு!"

வாசலுக்குப் போகப் பிணம் கிடந்த கூடத்தைத் தாண்டவேண்டும். பச்சைப்பிள்ளையைப் பிணத்துக்குக் குறுக்கே கொண்டுவரக்கூடாதென்று காலையிலிருந்து வந்தவர் போனவரெல்லாம் சொல்லியிருந்தார்கள். சொல்லட்டும்! சுபத்ரா மாமனாரின் காலடியைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். ஒப்பாரி நின்றது. மாமியார் ருக்குமணி நிமிர்ந்து பார்த்தாள்.

வாசலில் நாவிதர், அவள் புருஷன் லோகேஸ்வரனின் தலையைப் பாதி மழித்திருந்தார்.

"ஏங்க, காடிய ஸ்டார்ட் பண்ணுங்க. ஈப்போ ஆஸ்பத்திரிக்குப் போகணும். புள்ளைக்கு ஆசனவாயே இல்லங்க. செத்துரும்."

அவன் எழுந்தான். சித்தப்பா கந்தன் தோளைப் பிடித்து அமுக்கினார். கோலா தெர்லாவில் காய்கறி வியாபாரம், எதற்கும் கையில் ஒரு தீர்ப்பு வைத்திருக்கும் மனிதர்.

"கொள்ளி வைக்கிறவன் எந்திரிச்சுப் போறதாவது! இப்ப தூக்கிருவோம்லா. முடிச்சிட்டு போ. புள்ளைய வேற ஆள் கூட்டிட்டுப் போவட்டும்."

லோகேஸ்வரன் உள்ளே பார்த்தான், பிள்ளையைப் பார்த்தான், நின்றான். இவன் வராவிட்டால் இனி ஆயுசுக்கும் இவன் முகத்தில் விழிக்கமாட்டேன் என்று சுபத்ரா நினைத்துக்கொண்டாள்.

ருக்குமணி வாசலுக்கு வந்தாள். பிள்ளையின் வயிற்றில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

"லோகா, போப்பா. ஒங்கப்பாவுக்கு இனி என்ன அவசரம்? புள்ள சேதி வந்தப்புறம்தான் அவரத் தூக்குறது."

"அண்ணி, நாளைக்கு ஆயிரும். கொள்ளி?"

"அவன் வரலைன்னா நான் வைக்கிறேன். மேளத்த நிறுத்து. ஐஸ் பெட்டிக்குச் சொல்லு."

தாப்பா மலைப்பாதை முழுக்க விடுமுறைக் கூட்டம் எதிரே ஏறிக்கொண்டிருந்தது. பிரசவப் புண் வலித்ததில் சுபத்ராவால் நேராக உட்கார முடியவில்லை. பிள்ளை அழுதால் பயம், அழாவிட்டால் அதைவிடப் பயம். மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். லோகேஸ்வரன் பாதி மழித்த தலையோடு காரை ஓட்டினான்.

ஈப்போ ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பார்த்த மாத்திரத்தில் ஆட்களைக் கூப்பிட்டார்.

"நான் ஏதும் சாப்பிடாம விட்டதாலயா டாக்டர்?" என்றாள் சுபத்ரா.

"இல்லம்மா. கருவுல உருவாகறப்பவே சில புள்ளைங்களுக்கு இப்படி அமைஞ்சிருது. யாரும் செஞ்ச குத்தமில்ல. கறை படுறதப் பாத்து ஏமாந்துருவாங்க. இருதயம், கிட்னி எல்லாம் பாத்துட்டு, முதல்ல வயித்துல ஒரு வழி வைப்போம், மலம் பையில வரும். கொஞ்சம் வளந்ததும் சரியான இடத்துல வழி அமைச்சு, அப்புறம் வயித்துல உள்ளத மூடிரலாம்."

"பொழைச்சுக்குவாளா?"

"பொழைக்கத்தானே வந்திருக்கா."

மறுநாள் காலையில் தாதி துணியை விலக்கிக் காட்டினாள். வயிற்றோடு ஒட்டிய பையில் கரும்பச்சையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. வயிறு தளர்ந்திருந்தது. சுபத்ரா சிரித்தாள், உடனே அழுதாள், மறுபடி அந்தப் பையையே பார்த்தாள்.

லோகேஸ்வரன் போன் அடித்தான். முதல் மணி அடித்து முடியுமுன் ருக்குமணி எடுத்துவிட்டாள்.

"அம்மா, புள்ள வெளிக்குப் போயிட்டாம்மா."



"சரிப்பா. நீ புள்ளகிட்டயே இரு, கொள்ளிய நான் வைக்கிறேன். அப்ப ஒங்கப்பாவத் தூக்கச் சொல்றேன்."

அவள் போனை அணைக்காமலே எங்கோ வைத்துவிட்டுப் போய்விட்டாள். நாற்காலிகள் இழுபட்டன, யாரோ பெரிதாக அழுதார்கள், மேளம் தொடங்கியது. பிறகு சத்தம் படியிறங்கி, லயத்தைத் தாண்டி, தேயிலைப் பக்கமாகத் தள்ளித் தள்ளிப் போனது. ஒன்றும் கேட்காமல் ஆகும்வரை லோகேஸ்வரன் காதிலிருந்து போனை எடுக்கவில்லை.