இன் குடும்பம்

ஷைஜா முதல் தடவையிலேயே தேறிவிடுவாள் என்பது வகுப்பு தொடங்கிய சில நாட்களிலேயே ஜாஸ்மிக்குத் தெரிந்துவிட்டது. ஜாஸ்மி இரண்டு தடவை எழுதித் தோற்றவள். நர்ஸ் வேலைக்கு இங்கிலாந்து போக அந்த ஆங்கிலப் பரீட்சையைத் தாண்டியாக வேண்டும். தாண்டாதவள் உள்ளூர் ஆஸ்பத்திரியில் பெட்பேன் தூக்கியே கிழவியாக வேண்டியதுதான்.

ரப்பர் தோட்டம் வைத்திருக்கிற பணக்காரன் மகள் தேறினால் வயிறு எரியாது. அவள் தேறத்தான் செய்வாள். ஷைஜாவின் அம்மையும் ஜாஸ்மியின் அம்மை நேசபாயும் ஒரே அண்டியாபீசில், ஒரே பலகையில், தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைப்பவர்கள். கொட்டை எண்ணெய் பட்டு இரண்டு பேர் விரலும் ஒன்றுபோலக் கறுத்து வெந்திருக்கும். அந்த விரல்கள் சோறூட்டி வளர்த்த இரண்டு பெண்களில் ஒருத்தி மட்டும் விமானம் ஏறினால், மற்றவளின் அம்மை எந்த முகத்தோடு அந்தப் பலகையில் போய் உட்காருவாள்? 'ஷைஜா தேர்வில் வெற்றி பெற்றதற்காக ஸ்தோத்திர காணிக்கை' என்று போதகர் சபையில் வாசிக்கிற குரல்கூட ஜாஸ்மிக்கு இப்போதே காதில் விழுந்தது.

மார்த்தாண்டத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் வகுப்பு. முதல் எழுத்துகள் ஒன்றாக வருகிற வார்த்தைகளை ஒரு குடும்பமாகச் சேர்த்துப் படிக்கச் சொன்னார் ஆன்றோ சார். 'மிஸ்' குடும்பம் ஷைஜாவுக்கு, 'இன்' குடும்பம் ஜாஸ்மிக்கு. அருமனை பஸ்ஸில் திரும்பும்போது ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுக்க வேண்டும். மிஸ் வந்தால் ஏதோ கோளாறு: மிஸ்டேக், மிஸ்யூஸ். இன் வந்தால் பெரும்பாலும் 'இல்லை': இன்கரெக்ட் சரியில்லாதது, இன்கம்ப்ளீட் முடியாதது. ஆனால் எந்தக் குடும்பத்திலும் அடங்காத பிள்ளை ஒன்றிரண்டு இருக்குமே. இன்வேல்யுவபிள் என்றால் மதிப்பில்லாதது அல்ல, மதிப்புப் போடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது. இன்ஃபேமஸ் என்றால் கெட்ட பேர் எடுத்து ஊரெல்லாம் தெரிந்தவன். போன தடவை பரீட்சையில் அடிபட்டுப் படித்ததால் ஜாஸ்மி இதை மறக்கவில்லை.

"இன்வேல்யுவபிள்னா என்னட்டி?" என்று கேட்டாள் ஷைஜா.

ஜாஸ்மி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணுக்கும் கொள்ளாத சாதனம்."

"இன்ஃபேமஸ்?"

"ஆருக்கும் தெரியாத ஆளு."

ஷைஜா ஒரு நிமிஷம் அவள் முகத்தையே பார்த்தாள். "செரி மக்கா" என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு ஜாஸ்மிக்கு வெகுநாளைக்குப் பிறகு சோறு ருசியாக இறங்கியது.

சனிக்கிழமை மாதிரித் தேர்வில் இரண்டு வார்த்தையும் வந்தன. வகுப்பிலேயே ஷைஜாதான் முதல். பஸ்ஸில் அவள் தாளை வாங்கிப் பார்த்தாள் ஜாஸ்மி. இரண்டும் சரி.

"நான் வேற மாதிரியில்லா சொன்னேன்?" அடக்குமுன் வாய் கேட்டுவிட்டது.

ஷைஜா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மக்கா, நீ சொன்னது தப்புன்னு எனக்கு அண்ணைக்கே தெரியும். சொன்னா நீ வெசனப்படுவியேன்னு ஒண்ணும் மிண்டல்ல. இது தெரியாமத்தாம்டி நீ ரெண்டு தடவ தோத்திருக்க. எனக்க அம்மைட்டயும் சொல்லிட்டேன். அம்மை நேத்து அண்டியாபீசுல வச்சு உனக்க அம்மைட்ட பறஞ்சிருக்கா, 'பிள்ளைய நெனச்சு பேடிக்காத நேசம், எங்க ஷைஜா படிப்பிச்சு விடுவா'ன்னு."

அந்தப் பலகை முழுவதும் கேட்டிருக்கும். அம்மை அதைப் பற்றி வீட்டில் மூச்சு விடவில்லை. நேற்று சாயங்காலம் வந்தவள் சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

ஜாஸ்மி கையை உருவிக்கொண்டாள். "எனக்குத் தெரியும்டி! தெரிஞ்சுதான் மாத்திச் சொன்னேன். நீ தேறப்பிடாதுன்னு!"

ஷைஜா கண்ணை அகல விரித்தாள். பிறகு சிரித்து அவள் தொடையில் ஓர் அடி போட்டாள். "எட்டி கள்ளி! தெரியாததுக்கு இப்பிடியும் ஒரு சமாளிப்பா? எங்கிட்ட என்ன வெக்கம்?"

"கர்த்தர் சத்தியமாட்டு!"

"இதுக்கெல்லாம் கர்த்தர இழுக்கண்டாம். இப்பம் சொல்லு, இன்வேல்யுவபிள்னா என்ன?"

முன் சீட்டில் மடியில் மரச்சீனிக் கிழங்குப் பையோடு இருந்த யாரோ ஓர் அம்மா திரும்பினாள். "தெரிஞ்ச பிள்ள சொல்லித்தரும்போ படிச்சுக்க மோளே. வீம்பு பிடிக்காத."

ஷைஜாவின் முகத்தில் துளி கள்ளமில்லை. சரியாகச் சொன்னால் இப்போது தாளைப் பார்த்துப் படித்தது என்பாள். சொல்லாவிட்டால் இன்னும் தெரியவில்லை என்பாள். பஸ் குலுங்கி ஒரு வளைவில் திரும்பியது. அந்த அம்மா திரும்பிய கழுத்தைத் திருப்பாமல் காத்திருந்தாள்.

"மதிப்புப் போட முடியாதது" என்றாள் ஜாஸ்மி.

"கொள்ளாம்! பாத்தியா, வருதில்லா? இன்னொருக்க சொல்லு."

ஜாஸ்மி இன்னொரு தடவை சொன்னாள்.