வாளிச் சத்தம்

கரடிக் காப்பகத்தில் தீனி போடுகிற அவரை எல்லோரும் வாளியண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பேர் வந்ததே ஒரு பெண் கரடியால்தான்.

ஒன்பது வருஷம் தெருத்தெருவாக ஆட்டம் காட்டிய கரடி அது. மீட்டுக்கொண்டு வந்தபோது பல்லில்லை, மூக்கில் கயிறு கோத்த ஓட்டை. வந்த மூன்று நாளும் வாயில் எதையும் வைக்காமல் சுருண்டே கிடந்தது. மனசு கேட்காத அண்ணன், "எழுந்திரும்மா" என்று கரண்டியால் கஞ்சி வாளியை ரெண்டு தட்டு தட்டினார். விருட்டென்று எழுந்து, பின்னங்கால் ரெண்டையும் மாற்றி மாற்றி வைத்து ஆடியது. கஞ்சியை ஊற்றினார், குடித்தது. அன்றிலிருந்து தினமும் ஏழு மணிக்கு அதே தட்டு, அதே ஆட்டம். மூக்குப் புண்கூட ஆறிவிட்டது, ஆட்டம் மட்டும் நிற்கவில்லை.

அண்ணனுக்கோ தலைகால் புரியவில்லை. "என்னைப் பார்த்தாலே எழுந்து நின்னு ஆடுது தெரியுமா?" என்று வீட்டில் பீற்றிக்கொண்டார்.

"பாருங்களேன், முப்பது வருஷமா நான் சோறு போடறேன். நீங்க ஒரு நாளாவது ஆடியிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

கரடி வந்த எட்டாவது மாசம் காப்பகத்து டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். "மாசக் கடைசிக்குள்ள ஆட்டத்தை நிறுத்தலைன்னா தோப்புல விட முடியாதுண்ணே. அங்க மத்த கரடிங்க இருக்கு. இது இப்படி நின்னு ஆடினா குதறிப் போட்டுடும். அப்புறம் ஆயுசுக்கும் இந்தக் கூண்டுதான்."

அண்ணனுக்குப் பகீரென்றது. இருபது நாள்தான் இருந்தது. டயர் கட்டித் தொங்கவிட்டார், கட்டையில் தேன் தடவி வைத்தார். துணைக்கு ஆள் இருப்பது தெரியட்டும் என்று மத்தியானமும் ஒரு தரம் வாளியைத் தட்டிக் கஞ்சி ஊற்றினார். ஆட்டம் கூடியதே தவிர குறையவில்லை.

நடுவில் ரெண்டு நாள் காய்ச்சலில் படுத்துவிட்டார். திரும்பி வந்ததும் டாக்டரம்மா கேமரா படத்தைப் போட்டுக் காட்டினார். மாற்று ஆள் பேசாமல் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுப் போகிறான். கரடி குடிக்கிறது, மண்ணைப் பறிக்கிறது, தூங்குகிறது. ரெண்டு நாளும் ஒரே ஒரு ஆட்டம்கூட இல்லை.

"தெருவுல ஆட்டம் காட்டினவன் குச்சியால தட்டுவான், இது ஆடும், தின்னப் போடுவான்..." டாக்டரம்மா மேலே சொல்லத் தயங்கினார்.

"நான் வாளியைத் தட்டினேன்," என்றார் அண்ணன்.

அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது. அன்றைக்கு மனைவிகூடக் கேலி பேசவில்லை.

மறுநாளிலிருந்து, கரடி படுக்கிற உள்கூண்டுக்குள் அடைந்திருக்கும்போதே வந்து பழங்களை மண்ணில் புதைத்துவிட்டு நழுவிவிடுவார். மண்ணில் அவர் வாசனை பட்டதோ என்னவோ, ஏழு மணிக்குக் கரடி பழைய இடத்தில் நின்று, ஆளில்லாத நடைபாதையைப் பார்த்து ஆடும். அண்ணன் சுவரோட்டை வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆறாம் நாள் அது ஆடிக்கொண்டிருக்கும்போதே மூக்கு மண் பக்கம் போயிற்று. பத்தாம் நாள் எழுந்து நிற்கவே இல்லை.

மாசக் கடைசியில் தோப்புக் கதவைத் திறந்தார்கள். மற்ற கரடிகளுக்கான கஞ்சி வாளியோடு அண்ணன் சுவருக்குப் பின்னால் நின்றார். வாசல்வரை போன கரடி நின்றது. பின்னங்காலில் எழுந்து, அண்ணன் வழக்கமாக வருகிற நடைபாதையைப் பார்த்தது. டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒரு தட்டு தட்டினால் போதும், ஓடி வந்துவிடும். அண்ணன் கைப்பிடி கிணுங்காமல் வாளியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தார்.

கரடி நாலு காலில் இறங்கியது. மண்ணை முகர்ந்துகொண்டே உள்ளே போயிற்று.

"போயிட்டாளா?" என்று அன்று ராத்திரி வீட்டில் கேட்டாள் மனைவி.

"போயிட்டா."

"உங்களைத் தேடினாளா?"

"வாசல்ல நின்னு ஒரு தடவை பார்த்தா." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நான் இல்லைன்னு நினைச்சுக்கிட்டா."